பதவி தரும் கையெழுத்து

மலேசியாவில் ஒருவரை ராணுவ அதிகாரி ஆக்கும் கையெழுத்துகள் இரண்டு. ஒன்று மாமன்னருடையது. நாட்டின் ஆயுதப்படைகள் முழுவதற்கும் அது செல்லும். மற்றது ஜொகூர் சுல்தானுடையது. அது அவருடைய மாநிலப் படைக்கு மட்டும். பதின்மூன்று மாநிலங்களில் மற்ற பன்னிரண்டுக்கும் சொந்தமாக ஒரு சிப்பாய்கூடக் கிடையாது. தற்காப்பு என்பது கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. அப்படியிருந்தும், 1886இல் தொடங்கிய ஜொகூர் மாநிலப் படை பிரிட்டிஷ்காரர்களையும் ஜப்பானியர்களையும் மெர்டேக்காவையும் தாண்டி இன்றும் அணிவகுக்கிறது.

பினாங்கில் இருந்துகொண்டு இதைப் பற்றி எழுதுவதில் ஒரு வசதி உண்டு. இங்கே சுல்தான் இல்லை. மாநிலத்தின் தலைவர் ஆளுநர். நான்காண்டுத் தவணைக்கு அவரையே மாமன்னர்தான் நியமிக்கிறார். இன்னொருவர் கையெழுத்தால் பதவிக்கு வந்தவர் படைப் பதவி எழுதிக் கொடுக்க வழியில்லை. ஆனால் பாயான் பாருவில் கைக்கு வரும் கல்யாண அழைப்பிதழ்களிலும் திருவிழாப் பதாகைகளிலும் படைப் பதவிகளுக்குப் பஞ்சமே கிடையாது. கேப்டன், மேஜர், லெப்டினன்ட் கர்னல் என்று வரிசையாக வருவார்கள். டத்தோ பட்டத்துக்கு முன்னாலோ பின்னாலோ பதவி, அதையடுத்து அடைப்புக்குறிக்குள் சின்னதாக ஓர் எழுத்து. '(பி)' என்றிருந்தால் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். '(பி.ஏ.)' என்றிருந்தால் பொதுத் தற்காப்புப் படைக்காரர். 'கௌரவ' என்று முன்னால் சேர்ந்திருந்தால் அது வேறு கணக்கு. சில பதாகைகளில் அடைப்புக்குறியே இருக்காது. அச்சகத்தில் விட்டுப்போனதா, கொடுத்தவர் விட்டுவிட்டாரா என்று கேட்பவர் யாருமில்லை.

கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பது என் எண்ணம். ஒரு படைப் பதவியின் எடை, அதில் கையெழுத்திட்டவர் யார், அந்தக் கையெழுத்து எதுவரை செல்லும், எந்த வேலைக்காக அது போடப்பட்டது என்ற மூன்றில் அடங்கியிருக்கிறது. தோளில் இருக்கும் உலோகம் எல்லாருக்கும் ஒன்றுபோலத்தான் மின்னும்.

முதலில் நேர்வழி. பாயான் பாருவிலிருந்து கெலுகோர் பக்கம் போனால் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மிண்டன் வளாகம் வரும். மிண்டன் என்பது 1759இல் ஜெர்மனியில் போர் நடந்த ஓர் ஊரின் பெயர். அந்தப் பெயரோடு இங்கே இருந்த பிரிட்டிஷ் படைமுகாமுக்கு 1971இல் பல்கலைக்கழகம் குடிவந்தது. பெயர் மட்டும் போகவில்லை. பிற அரசுப் பல்கலைக்கழகங்களைப் போல இங்கும் 'பாலாப்பெஸ்' எனப்படும் சேமப்படை அதிகாரிகளுக்கான பயிற்சிப் பிரிவு உண்டு. பொறியியலோ மருந்தியலோ படிக்கும் மாணவர் வார இறுதிகளில் கவாத்துப் பழகுவார், விடுமுறையில் முகாமுக்குப் போவார். மூன்றாண்டு முடிந்ததும் மாமன்னர் பெயரால் நடக்கும் விழாவில் நியமனப் பத்திரம் பெற்று, தோளில் ஒற்றை நட்சத்திரத்தோடு சேமப்படையின் 'லெப்டினன் மூடா' ஆவார். நம் கடைநிலை அதிகாரி அவர்தான். நிரந்தரப் படையில் சேருகிறவர் சுங்கை பீசியிலோ போர்ட் டிக்சனிலோ முழுநேரப் பயிற்சி எடுத்துக்கொண்டு அதே வகைப் பத்திரத்தைப் பெறுகிறார்.

அந்தக் காகிதம் ஒரே ஒரு முறைதான் தரப்படும். அதற்குப் பின் வருவதெல்லாம் பதவி உயர்வு. சட்டப்படி 'அதிகாரி' என்ற நிலை அந்த ஒரு காகிதத்தோடு வந்துவிடுகிறது. கேப்டன், மேஜர் என்பவை அதன் மேல் ஏறும் படிகள். அரசியலமைப்பின் 41ஆம் பிரிவு மாமன்னரை ஆயுதப்படைகளின் உச்சத் தளபதி என்கிறது. 137ஆம் பிரிவு ஆயுதப்படை மன்றம் ஒன்றை அமைத்து, படையின் கட்டுப்பாடு, ஒழுங்கு, நிர்வாகம் ஆகியவற்றை மாமன்னரின் பொது அதிகாரத்துக்குக் கீழ் அதனிடம் ஒப்படைக்கிறது. தற்காப்பு அமைச்சர் அதற்குத் தலைவர். அதில் எனக்குச் சுவாரசியமாகப்படும் இருக்கை ஒன்று உண்டு: மாநில ஆட்சியாளர்கள் சார்பில் ஒருவர். சுல்தான்களின் கையிலிருந்து படைகள் போய்விட்டன. படை விஷயத்தில் அவர்களுக்கென்று ஒரு நாற்காலி மட்டும் மிச்சம் வைக்கப்பட்டிருக்கிறது.

இந்த நேர்வழியில் மிக உயரம் போன தமிழர் யாரென்றால் கே. தனபாலசிங்கத்தைச் சொல்ல வேண்டும். இலங்கைத் தமிழ் மரபில் வந்தவர், இங்கிலாந்தின் டார்ட்மத் கடற்படைக் கல்லூரியில் பயின்றவர். 1967 டிசம்பரில் அரச மலேசியக் கடற்படைக்குத் தலைவரானார். அந்தப் பொறுப்பை ஏற்ற முதல் மலேசியர் அவர். அப்போது வயது 31. அதற்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர்கள் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய அதிகாரிகள். அவருடைய கொமடோர் பதவிக்கும் பிறகு வந்த ரியர் அட்மிரல் பதவிக்கும் முன்னாலோ பின்னாலோ எந்த அடைப்புக்குறியும் தேவைப்படவில்லை.

பினாங்குக்கென்று ஒரு படை ஒரு காலத்தில் இருந்ததும் உண்டு. நீரிணைக் குடியேற்றங்கள் பிரிட்டிஷ் முடியின் நேரடி ஆட்சியில் இருந்தபோது பினாங்கிலும் எதிர்க்கரையிலும் தொண்டர் படை திரட்டினார்கள். 1922இல் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா தொண்டர்களை ஒரே அமைப்பாக்கியபோது பினாங்குக்காரர்கள் அதன் மூன்றாவது பட்டாளியன் ஆனார்கள். அலுவலகம் முடிந்த பின் கவாத்து பழகும் வங்கிக்காரர்கள், தோட்டத்துத் துரைகள், குமாஸ்தாக்கள். அதிகாரிகளுக்கான பத்திரம் சிங்கப்பூரில் இருந்த ஆளுநரின் கையால் வந்தது. அந்தத் தொண்டர் அமைப்பில் இனவாரியாகக் கம்பெனிகளைப் பிரித்து வைத்திருந்தார்கள். தோளில் ஏறும் நட்சத்திரங்களும் அந்தப் பிரிவினையை அறிந்தே ஏறின.

அந்தக் கையெழுத்தின் எல்லை 1941 டிசம்பரில் தெரிந்தது. 11ஆம் தேதி ஜார்ஜ்டவுனில் குண்டு விழுந்தது. 16ஆம் தேதி இரவோடு இரவாக ஐரோப்பியர்களைத் தீவிலிருந்து வெளியேற்றினார்கள். ஆசியர்களுக்குச் சொல்லக்கூட இல்லை. கொடி மட்டும் கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்தது. ஜப்பானிய விமானங்கள் அதைப் பார்த்துத்தான் குண்டு போடும். அந்தக் கொடியை இறக்கியவர் 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து. ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி ஒரு குழு அமைத்து, பினாங்கு இனி தற்காக்கப்படாத நகரம் என்று ஒலிபரப்பச் செய்து, 19ஆம் தேதி ஜப்பானியர் வரும்வரை ஊரைக் கட்டிக்காத்தவர்களில் முதன்மையானவர் இந்த யாழ்ப்பாணத் தமிழர். அவரிடம் எந்த ஆளுநர் தந்த காகிதமும் இல்லை. காகிதம் வைத்திருந்தவர்கள் கப்பலில் இருந்தார்கள்.

ஜொகூர் கதை வேறு மாதிரி. 1885 டிசம்பர் 11 அன்று லண்டனில் கையெழுத்தான உடன்படிக்கையில் அபு பக்காரை 'ஜொகூர் நாட்டுச் சுல்தான்' என்று பிரிட்டன் ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டே அவர் தம் படையைத் தொடங்கினார். நாள் தேர்ந்து செய்த காரியமாகத்தான் தெரிகிறது. நாணயம், அஞ்சல்தலை, படை மூன்றும் அக்காலத்தில் இறையாண்மையைக் கண்ணால் பார்க்கக்கூடிய சான்றுகள். தம் பெயரில் அதிகாரிகளை நியமிக்க முடிகிறவர் மன்னர். முடியாதவர் உதவித்தொகை வாங்கும் ஜமீன்தார். பேராக்கிலும் சிலாங்கூரிலும் பிரிட்டிஷ் ரெசிடென்ட்டுகள் உட்கார்ந்துவிட்டார்கள். அங்கே 1896இல் தைப்பிங்கில் அமைந்த மலாய் மாநிலக் காவற்படை பெயரில்தான் மலாய். சிப்பாய்களில் பெரும்பாலோர் சீக்கியர்கள், அதிகாரிகள் வெள்ளையர்கள்.

இரண்டு படைகளுக்கும் சோதனை ஒரே சமயத்தில் வந்தது. 1914 கடைசியில் மலாய் மாநிலக் காவற்படையை வெளிநாட்டுப் போருக்கு அனுப்பப் பார்த்தார்கள். தாங்கள் கையெழுத்திட்டது மலாய் மாநிலங்களில் பணிபுரிய மட்டுமே என்று சிப்பாய்கள் மறுத்தார்கள். கையெழுத்துக்கு எல்லை உண்டு என்பதை மேலிருப்பவர்களைவிடக் கீழிருப்பவர்கள் தெளிவாகப் படித்து வைத்திருந்தார்கள் என்று தோன்றுகிறது. 1915 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் 5ஆம் இலகு காலாட்படை கலகம் செய்தது. ஜெர்மன் கைதிகள் இருந்த தங்ளின் முகாமைக் காவல் காத்தவர்களில் ஜொகூர் படையினரும் இருந்தார்கள், சிலர் கொல்லப்பட்டார்கள். சுல்தான் இப்ராகிம் தம் படையோடு கடலைக் கடந்து வந்து கலகத்தை அடக்கத் துணை நின்றார். பின்னர் 47 கலகக்காரர்கள் அவுட்ராம் சிறைக்கு வெளியே பொதுமக்கள் பார்க்கச் சுட்டுக் கொல்லப்பட்டனர். பிரிட்டிஷ் அரசரின் படை கலகம் செய்தது, சுல்தானின் படை பிரிட்டிஷ் அரசருக்காக நின்றது. காவற்படையை 1919இல் கலைத்துவிட்டார்கள். ஜொகூர் படையைத் தொடவில்லை. 1948இல் மலாயாக் கூட்டமைப்பு உருவானபோதும், 1957இல் விடுதலை வந்தபோதும், அது அப்படியே விடப்பட்டது.

இன்று அதன் வேலை அரண்மனைக் காவலும் அரச சடங்குகளும்தான். போர் செய்யும் படை அது இல்லை, அப்படி யாரும் சொல்லிக்கொள்வதும் இல்லை. ஆனால் அதன் அதிகாரிக்குப் பதவி தருபவரும் உயர்த்துபவரும் கோலாலம்பூர் மன்றத்தின் வழியாக வர வேண்டியதில்லை. ஜொகூர் பாருவில் மேஜர் ஆனவரைத் தேசியத் தரைப்படையில் அதனாலேயே மேஜராக்க முடியாது. பெயர் ஒன்று, ஊற்று இரண்டு.

இதே சிக்கலை அமெரிக்கர்கள் எழுத்திலேயே தீர்த்து வைத்திருக்கிறார்கள். அங்கே மாநிலப் படைகளுக்கு அதிகாரிகளை நியமிக்கும் உரிமையை அரசியலமைப்பின் முதல் பிரிவே மாநிலங்களுக்கு ஒதுக்கிவிட்டது. நேஷனல் கார்டு அதிகாரிக்கு மாநில ஆளுநர் பத்திரம் தருகிறார். ஆனால் அந்தப் பதவி வாஷிங்டனில் செல்லுபடியாக வேண்டுமானால் மத்திய அங்கீகாரத்துக்கான குழு அவருடைய தகுதியைப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். ஆளுநர் ஒருவரைக் கர்னல் ஆக்கி, அங்கீகாரம் வராமல் போனால், அவர் மாநில எல்லைக்குள் கர்னல். மத்தியப் படை அழைப்பு வந்தால் பழைய பதவிதான். நேஷனல் கார்டுக்கும் அப்பால் சில மாநிலங்கள் தமக்கே உரிய காவற்படைகளை வைத்திருக்கின்றன. அவற்றின் அதிகாரிகளுக்கு மத்திய அங்கீகாரம் என்ற பேச்சே கிடையாது. ஓய்வு பெறும்போது ஒரு படி உயர்த்திக் கௌரவிக்கும் வழக்கமும் பல மாநிலங்களில் சட்டமாகவே இருக்கிறது. அந்த உயர்வு மாநிலத்தின் ஓய்வுப் பட்டியலில் பதிவாகும். மத்திய ஓய்வூதியம் ஒரு காசு கூடாது. இதில் ஒளிவுமறைவு இல்லை என்பதே எனக்குப் பிடித்தது. எந்தக் காகிதம் எங்கே செல்லும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள்.

அதே நாட்டில்தான் கென்டக்கி ஆளுநர் விரும்பியவர்களுக்கெல்லாம் 'கர்னல்' பட்டம் தருகிறார். 1935இல் சாலையோரத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த ஹார்லண்ட் சாண்டர்ஸுக்கு அப்படித்தான் கிடைத்தது. பையனாக இருந்தபோது அமெரிக்கப் படையில் சில காலம் கியூபாவில் சாதாரண ஆளாக வேலை பார்த்தவர் அவர். உலகத்தில் அதிகம் பேருக்குத் தெரிந்த கர்னல் அவர்தான் என்று நினைக்கிறேன். பாயான் பாருவில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

இந்தியாவில் சுதேச சமஸ்தானங்களின் கதை ஜொகூருக்கு இன்னும் நெருக்கமானது. மைசூர், ஐதராபாத், ஜோத்பூர், திருவிதாங்கூர் எல்லாவற்றுக்கும் படைகள் இருந்தன. அதிகாரிகள் மகாராஜாவின் பத்திரம் வைத்திருந்தார்கள். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் அதற்குத் தானாக மதிப்பு வந்துவிடாது. பிரிட்டிஷ் அரசரின் பத்திரம் பெற்றவர் ஒரு வகை. வைஸ்ராயின் பத்திரம் பெற்ற ஜமேதார், சுபேதார் இன்னொரு வகை. சமஸ்தான அதிகாரி மூன்றாம் வகை. மகாராஜாக்களுக்கோ நேர்மாறாக, பிரிட்டிஷ் அரசர் தாராளமாகக் கௌரவப் பதவிகளை வாரி வழங்கினார். பிகானிரின் கங்கா சிங் கௌரவ ஜெனரல், ஐதராபாத் நிஜாம் கௌரவ லெப்டினன்ட் ஜெனரல். தம் அதிகாரிக்குத் தாம் தந்த கேப்டன் பதவி எல்லை தாண்டினால் மங்கிவிடும் என்று தெரிந்த மன்னர், லண்டனிலிருந்து வந்த ஜெனரல் பதவியை மார்பில் குத்திக்கொண்டு புகைப்படத்துக்கு நின்றார். கொடுத்ததும் வாங்கியதும் ஒரே சரக்குதான். விலை மட்டும் வேறு.

ஆனால் 1918 செப்டம்பர் 23 அன்று ஹைஃபாவில் துப்பாக்கிகளுக்கும் பீரங்கிகளுக்கும் எதிரே ஈட்டியோடு குதிரையை விட்டவர்கள் இந்தச் சமஸ்தானத்துக்காரர்கள்தான். ஜோத்பூர், மைசூர் லான்சர்கள் அந்தத் துறைமுக நகரைப் பிடித்தார்கள். ஜோத்பூர்ப் படையை நடத்திய மேஜர் தல்பத் சிங் அங்கேயே விழுந்தார். அவர் எந்தக் கையெழுத்தால் மேஜர் ஆனார் என்று துருக்கியர் விசாரிக்கவில்லை. தில்லி தீன் மூர்த்தியில் நிற்கும் மூன்று சிலைகள் ஜோத்பூர், மைசூர், ஐதராபாத் லான்சர்களுக்காக.

சமஸ்தானங்கள் இணைந்தபின் அந்தப் படைகளை இந்திய ராணுவம் சல்லடை போட்டு எடுத்துக்கொண்டது. அதிகாரிகள் தேர்வுக் குழு முன் நிற்க வேண்டியிருந்தது. சிலர் அதே பதவியோடு வந்தார்கள், சிலர் இறங்கி வந்தார்கள், சிலர் வீட்டுக்குப் போனார்கள். திருவிதாங்கூரின் நாயர் படை மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 9, 16ஆம் பட்டாளியன்களாகவும், கொச்சிப் படை 17ஆவதாகவும், மைசூர்க் காலாட்படை 18ஆவதாகவும் மாறின. இவற்றின் தலைமையகம் நம் நீலகிரியில் உள்ள வெலிங்டன். எஞ்சிய குதிரைகளையெல்லாம் ஒன்றுசேர்த்து 1953இல் 61ஆம் குதிரைப்படையை உருவாக்கினார்கள். குவாலியர், ஜோத்பூர், ஜெய்ப்பூர், மைசூர்க் குதிரைகளின் வாரிசு அது. மன்னர்களின் கையெழுத்து காலாவதியான பிறகு அந்த மரபு குடியரசின் சம்பளத்தில் தொடர்கிறது.

இந்த இடத்தில் ஜொகூர் திரும்பி வருகிறது. ஜொகூர் இளவரசர் துங்கு இஸ்மாயில் டேராடூனில் உள்ள இந்திய ராணுவ அகாடமியில் பயின்று, இதே 61ஆம் குதிரைப்படையில் அதிகாரியாகப் பணியாற்றினார். 2007 ஜனவரி 26 அன்று புதுதில்லி அணிவகுப்பில் அப்படையின் பிரிவுக்குத் தலைமை தாங்கி வந்தார். வெளிநாட்டவர் ஒருவர் இப்படி வந்தது முதல் முறை என்று அப்போது செய்திகள் எழுதின. மேடையில் சிறப்பு விருந்தினர் ரஷ்ய அதிபர் புதின். மரியாதையை ஏற்றவர் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம். மன்னராட்சிப் படைக்கு வாரிசானவர், மன்னராட்சிகளைக் கரைத்து உருவான ஒரு குதிரைப்படையில் தொழில் கற்று, ராமேஸ்வரத்துப் படகுக்காரர் மகனுக்கு வாளைத் தாழ்த்தி வணக்கம் செலுத்தினார். வரலாறு இவ்வளவு கச்சிதமாக அமைவது அரிது. கதையில் எழுதினால் நம்ப மாட்டார்கள்.

2024 ஜனவரி 31 அன்று அவருடைய தந்தை சுல்தான் இப்ராகிம் மலேசியாவின் 17ஆவது மாமன்னரானார். தேசியப் படைக்குப் பத்திரம் தரும் கையும் ஜொகூர்ப் படைக்குப் பத்திரம் தரும் கையும் ஒன்றாகிவிட்டனவா? இல்லை. அரசியலமைப்பின் 34ஆம் பிரிவு, மாமன்னராக இருப்பவர் தம் மாநில ஆட்சியாளருக்குரிய பணிகளைச் செய்யக் கூடாது என்கிறது. இஸ்லாத்தின் தலைமைப் பொறுப்பு போன்ற சிலவற்றுக்கு மட்டுமே விலக்கு. ஜொகூரில் இப்போது ஆட்சிப் பொறுப்பைப் பார்ப்பவர் இடைக்கால சுல்தானாகிய துங்கு இஸ்மாயில். மாமன்னர் தவணை ஐந்தாண்டு. அதுவரை தந்தையின் கையெழுத்து நாடு முழுவதற்கும், மகனின் கையெழுத்து ஜொகூருக்கும். ஒரே குடும்பத்துக்குள் இருந்தாலும் இரண்டு பேனாக்களையும் சட்டம் தனித்தனியாகவே வைத்திருக்கிறது. ஆட்சியாளர்களுக்குள் மாமன்னரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பில் பினாங்குக்கு இடமில்லை என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். சுல்தான் இல்லாத மற்ற மூன்று மாநிலங்களுக்கும் இடமில்லை.

இனி கௌரவப் பதவிகள். இதில்தான் நம் ஊர்ப் பதாகைகளின் வேர் இருக்கிறது. 1958இல் தொடங்கிய சேமப்படையாகிய 'அஸ்கார் வத்தானியா' வெறும் வாரக்கடைசிச் சிப்பாய்களால் மட்டும் ஆனதன்று. போர் வந்தால் மின்சாரம், தொலைத்தொடர்பு, ரயில் எல்லாம் ஓட வேண்டும். அதற்காக அத்தகைய நிறுவனங்களின் ஊழியர்களைக் கொண்டு நிபுணர் பிரிவுகள் அமைத்து, நிறுவனத் தலைவருக்கு உயர்ந்த கௌரவப் பதவி தருகிறார்கள். பல்கலைக்கழகத் துணைவேந்தர் தம் மாணவர் படைப்பிரிவின் தலைவர் என்ற முறையில் சீருடையில் தோன்றுவார். இந்த ஏற்பாட்டில் ஒரு நியாயம் இருக்கிறது. ஜெனரேட்டர் யார் கட்டுப்பாட்டில் இருக்கிறதோ அவரைப் படையோடு முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பது நல்ல திட்டமிடல்தான்.

பொதுத் தற்காப்புப் படை இன்னொரு வழி. வெள்ளம், மரம் விழுதல், குளவிக்கூடு, பாம்பு என்று மக்கள் முதலில் கூப்பிடுவது அவர்களைத்தான். 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த அமைப்பு. ஆயுதப்படையின் பகுதி இல்லை. ஆனால் பதவிப் பெயர்கள் அச்சு அசலாகத் தரைப்படைப் பெயர்கள். ஆகவேதான் '(பி.ஏ.)' என்ற அடைப்புக்குறி கட்டாயம். ஊர்ப் பிரமுகர்கள், தொழிலதிபர்கள், மக்கள் பிரதிநிதிகள் முதலியோருக்கு இணைநிலை, கௌரவப் பதவிகள் உண்டு. வெள்ளத்தில் இடுப்பளவு நீரில் இறங்கி முதியவரைத் தூக்கி வரும் தொண்டர் ஒருவருக்கும், விழா மேடையில் தோள்பட்டை ஏற்றிக்கொண்டவருக்கும் அதே எழுத்துதான். முன்னவர் பெரும்பாலும் அதை அழைப்பிதழில் போடுவதில்லை.

இந்தியாவில் இதற்கு இரண்டு முகங்கள். ஒரு முகம் எல்லாருக்கும் தெரிந்தது. பிராந்திய ராணுவத்தில் கபில் தேவ் 2008இலும், மோகன்லால் 2009இலும், மகேந்திர சிங் தோனி 2011இலும் கௌரவ லெப்டினன்ட் கர்னல் ஆனார்கள். தோனி 2019 உலகக் கோப்பையில் பாராசூட் படைச் சின்னத்தைக் கையுறையில் பதித்து வந்து, சர்வதேச கிரிக்கெட் மன்றம் எடுக்கச் சொன்ன தகராறு நினைவிருக்கும். அதே ஆண்டு காஷ்மீருக்குப் போய்த் தம் பட்டாளியனோடு தங்கியும் இருந்தார். அதை நான் மதிக்கிறேன்.

இன்னொரு முகம் செய்தித்தாளின் உள்பக்கத்தில் கூட வராது. சிப்பாயாகத் தொடங்கி இருபத்தைந்து, முப்பதாண்டுகளில் நாயக், ஹவில்தார், சுபேதார், சுபேதார் மேஜர் என்று ஏறியவர், ஓய்வு பெறும் தறுவாயில் குடியரசு நாளிலோ சுதந்திர நாளிலோ 'கௌரவ லெப்டினன்ட்' அல்லது 'கௌரவ கேப்டன்' என்று அறிவிக்கப்படுகிறார். எண்ணிக்கை குறைவு, போட்டி கடுமை, சேவைப் பதிவேட்டில் ஒரு கறையும் கூடாது. பரம்வீர் சக்கரம் பெற்ற பானா சிங்கும் யோகேந்திர சிங் யாதவும் இப்படிக் கௌரவ கேப்டன் ஆனவர்களே. பெயரில்தான் 'கௌரவம்', ஓய்வூதியத்தில் பணமாகவே வரும். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாகப் படைக்குப் போன ஊர். அந்த மாதிரி ஊர்களில் வீட்டுவாசல் பலகையில் 'கௌரவ கேப்டன்' என்று எழுதியிருந்தால் அது ஒரு வாழ்நாளின் முடிவில் போடப்பட்ட கையெழுத்து என்று அக்கம்பக்கம் அறியும்.

ஒரே சொல்லால் இரண்டையும் அழைப்பது அநியாயம் என்றே படுகிறது. ஒன்று செய்து முடித்த வேலைக்கு. மற்றது செய்யக்கூடும் என்ற நம்பிக்கைக்கு, சில சமயம் செல்வாக்குக்கு. சட்டம் இரண்டையும் 'கௌரவ' என்று ஒரே பையில் போட்டிருக்கிறது. பிரித்துப் பார்க்கும் வேலை நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

கையெழுத்திட்ட அரசே இல்லாமல் போனால் பதவி என்னவாகும்? பினாங்குக்கு இதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. கார்ன்வாலிஸ் கோட்டையில் நிற்கும் பிரான்சிஸ் லைட்டின் சிலையில் முகம் அவருடையதாக இருக்க முடியாது. அவருடைய உருவப்படம் எதுவும் கிடைக்காததால் மகன் வில்லியம் லைட்டின் சாயலில் செய்தார்கள். தந்தை 'கேப்டன்' ஆனது வணிகக் கப்பல் ஓட்டி. மகன் பிரிட்டிஷ் தரைப்படையில் கேப்டனாக இருந்தவர். 'கர்னல்' என்பது அவர் 1823இல் ஸ்பெயினின் தாராளவாத அரசுக்காகப் போரிட்டபோது பெற்ற பதவியிலிருந்து வந்தது. அந்த அரசு அதே ஆண்டு கவிழ்ந்தது. அவர் பின்னர் ஆஸ்திரேலியாவுக்குப் போய் அடிலெய்ட் நகரை வரைந்தார். அந்நகரத்தார் இன்றுவரை அவரைக் கர்னல் லைட் என்றே சொல்கிறார்கள்.

1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் அறிவித்த ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசு இரண்டு ஆண்டுகூட நீடிக்கவில்லை. அதன் படையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஆயிரக்கணக்கில். ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்றவர் சென்னையில் பிறந்து சிங்கப்பூரில் மருத்துவம் பார்த்துவந்த லட்சுமி. விடுதலைக்குப் பின் இந்திய ராணுவம் அந்தப் படையின் வீரர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்களுடைய பதவிகளைத் தாங்கிய காகிதங்களுக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை. கேப்டன் லட்சுமி கான்பூரில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தார். ஊரும் நாடும் அவரைக் கேப்டன் என்றே அழைத்தன. 2002 ஜூலையில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் இடதுசாரிகள் அவரை நிறுத்தினார்கள். வென்றிருந்தால், தம் கேப்டன் பதவியை ஒருபோதும் ஏற்காத படைக்கு அவரே உச்சத் தளபதி ஆகியிருப்பார்; டேராடூனிலிருந்து வெளிவரும் ஒவ்வோர் இளம் அதிகாரியின் பத்திரமும் அவர் பெயரில் போயிருக்கும். எதிரே நின்றவர் அப்துல் கலாம். 9,22,884 மதிப்பு வாக்குகளுக்கு 1,07,366 என்று தோற்றார்.